எழுத்து அழிந்த காசைச் சேர்ப்பதில் அர்த்தம் உண்டா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவருக்கு அறந்தாங்கிப் பக்கம் ஊர். பாட்டி காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு சுருக்குப்பை கிடைத்திருக்கிறது. உள்ளே நிறையக் காலணாக்கள், சில ஓட்டைக் காலணாக்கள், இரண்டு வெள்ளி ரூபாய், அப்புறம் விரல் நகத்தளவில் எழுத்தே இல்லாத சில செப்புத் துண்டுகள். எல்லாமே மழுங்கத் தேய்ந்தவை. படமும் அனுப்பியிருக்கிறார். உள்ளூர் நகைக்கடைக்காரர் வெள்ளியை எடைக்கு எடுத்துக்கொள்வதாகவும், செம்பு பழைய பாத்திரக் கணக்கில்தான் போகும் என்றும் சொல்லியிருக்கிறார். மாமா ஒருவர் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், அப்போது நல்ல விலை கிடைக்கும் என்கிறார். "முகமே தெரியாத காசுகளை யாராவது சேர்ப்பார்களா? சேர்த்தால் அதில் ஏதாவது அர்த்தம் உண்டா?" என்பது அவர் எழுதிய வரி.

விலையைப் பற்றிக் கேட்பது போலத் தோன்றினாலும், இந்தப் பையைக் கொடுத்துவிடலாமா, வைத்துக்கொள்வதற்குத் தக்க காரணம் இருக்கிறதா என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது என்று எனக்குப் படுகிறது. நான் வங்கியில் காசாளராக வேலை பார்த்தவன். கல்லாவில் காசு எண்ணி எண்ணித்தான் இந்தப் பழக்கம் வந்தது. புத்தம் புதிய நாணயங்களில் எனக்கு ஆர்வம் இருந்ததில்லை. பல கை மாறித் தேய்ந்ததை மட்டுமே பல வருடங்களாகச் சேர்க்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பையை வைத்துக்கொள்ளுங்கள். புளியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பெரிய பணம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில், சேர்ப்பவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். அமெரிக்காவில் இது ஒரு தனிப் பிரிவாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணால் குறிப்பார்கள். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ல், அவர்களுடைய பழைய பெரிய செப்புச் சென்ட்களுக்காக வகுத்த அளவுகோல் அது. 70 என்றால் அச்சிலிருந்து விழுந்த கணத்தில் இருந்தபடியே குறையில்லாமல் இருப்பது. 1 என்றால் இன்ன நாணயம் என்று அடையாளம் சொல்ல முடிகிற அளவுக்கு மட்டும் ஏதோ மிஞ்சியிருப்பது. பெரும்பாலோர் 70-ஐ நோக்கி ஓடுகையில், சிலர் வேண்டுமென்றே 1-ஐத் தேடுகிறார்கள். ஒவ்வொரு வருடத்துக்கும், ஒவ்வொரு வகைக்கும் மிகத் தேய்ந்த, ஆனால் சேதப்படாத காசைப் பிடித்துத் தொகுப்பு கட்டுகிறார்கள். தரம் பார்த்து உறையிட்டுத் தரும் நிறுவனங்களில் ஒன்றான பிசிஜிஎஸ் இப்படிப்பட்ட தொகுப்புகளுக்கென்றே தரவரிசைப் பட்டியல் வைத்திருக்கிறது. சில வகைகளில் 4 என்று தரமிட்ட காசைவிட 1 என்று தரமிட்ட காசு அதிக விலைக்குப் போகிறது.

காரணம் எளிது. எல்லாக் காசும் ஒரே மாதிரி புழங்குவதில்லை. அமெரிக்க வெள்ளி டாலர்களில் பெரும்பகுதி கருவூலப் பைகளிலேயே கிடந்தது. 1918-ல் வந்த பிட்மன் சட்டத்தின்படி ஏறத்தாழ 27 கோடி டாலர்களை உருக்கியும் விட்டார்கள். மக்கள் சில்லறைக்குப் பயன்படுத்தியது சிறிய காசுகளைத்தான். ஆகவே தட்டையாகத் தேய்ந்த ஒரு டாலரைக் கண்டுபிடிப்பது, பளபளக்கும் டாலரைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம்.

நம் வெள்ளி ரூபாய்க்கும் இதே கதைதான், வேறு காரணங்களால். 1835-ல் கம்பெனி அரசு ரூபாயை 180 கிரெயின் எடை என்று நிலைப்படுத்தியது. அதாவது 11.66 கிராம், அதில் 12-ல் 11 பங்கு வெள்ளி. பழைய எடை அளவான ஒரு தோலாவும் அதே எடைதான். தட்டான் பட்டறையில் படிக்கல்லுக்குப் பதிலாக ரூபாயையே தராசில் வைத்தார்கள். சித்த மருந்துக் குறிப்புகளில் "ஒரு ரூபாய் எடை" என்று வருவதும் இந்தக் கணக்குதான். அதனால் ரூபாயின் எடை குறைவது வெறும் அழகுப் பிரச்சினையாக இருக்கவில்லை. 1906-ம் வருட இந்திய நாணயச் சட்டப்படி, எடையில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் குறைந்த வெள்ளி ரூபாய் சட்டப்படி செல்லாது. 11.66-ல் 2 சதவீதம் என்றால் கால் கிராமுக்கும் குறைவு. அப்படி எடை குறைந்து வந்த வெள்ளிக் காசை வெட்டிப் போடும் அதிகாரமும் அந்தச் சட்டத்தில் இருந்தது. இன்னொரு பக்கம், சாதாரண வீட்டில் ஒரு ரூபாய் என்பது செலவுக்காசு இல்லை, சேமிப்பு. பானையிலும் பெட்டியிலும் தூங்கியது, கொலுசாகவும் அரைஞாணாகவும் உருகியது. 1940-களின் தொடக்கத்தில் விக்டோரியா ரூபாய், எட்வர்டு ரூபாய், பிறகு ஜார்ஜ் காலத்து உயர்வெள்ளி ரூபாய் என்று ஒவ்வொன்றாகச் செல்லாததாக்கித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இத்தனையும் தாண்டி, முகம் மழுங்கும் அளவுக்குக் கைமாறி, யாராலும் வெட்டப்படாமல், உருக்கப்படாமல் ஒரு ரூபாய் உங்கள் பாட்டியின் பையில் கிடக்கிறது என்றால் அது அபூர்வமான வரலாறு. கடைக்காரர் சொன்ன எடை விலை பொய்யில்லை, சந்தையில் அதுதான் விலை. நான் சொல்வது சந்தைக்கு வெளியே உள்ள கணக்கு.

சரி, எழுத்தே இல்லாத காசை எப்படி அடையாளம் காண்பது? கண்ணைவிட முதலில் தராசு. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் சின்ன மின்தராசு இப்போது மலிவாகவே கிடைக்கிறது. கூடவே விட்டம் அளக்க ஒரு வெர்னியர் அளவுகோல் இருந்தால் போதும். காலணா 1835-லிருந்து 6.47 கிராம் எடையுள்ள செம்பு. 1906-ல் அதை வெண்கலத்துக்கு மாற்றி எடையை 4.86 கிராமாகக் குறைத்தார்கள். விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே முற்றிலும் வழுக்கையான ஒரு காலணா தராசில் 5 கிராமுக்கு மேல் நின்றால் அது பழைய செம்பு என்று தைரியமாகச் சொல்லலாம். 4.5 கிராம் காட்டினால் அநேகமாக 1906-க்குப் பிந்திய வெண்கலம். அநேகமாக என்று சொல்வதற்குக் காரணம், பழைய செம்பு மிக அதிகமாகத் தேய்ந்தோ அமிலத்தில் அரிக்கப்பட்டோ அந்த எடைக்கு இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அப்போது விளிம்பையும் கனத்தையும் பார்க்க வேண்டும். காலணாவில் மூன்றில் ஒரு பங்கான தம்பிடிக்கும் இதே மாற்றம் நடந்தது: செம்பில் 2.16 கிராம், வெண்கலத்தில் 1.62. ஓட்டைக் காலணாவில் குழப்பமே கிடையாது. போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த 1943-ல் வந்து 1947 வரை அடிக்கப்பட்டது. எவ்வளவு தேய்ந்தாலும் நடு ஓட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

வருடம் தெரிகிற காசிலும் ஒரு எச்சரிக்கை. 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாய் 1862-ல்தான் அடித்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வருடத்தை மாற்றாமலே 1874 வரை அடித்தார்கள். அதற்கு முந்திய 1840 ரூபாயும் அப்படியே, இருபது வருடத்துக்கு மேல் அதே தேதி. ஆகவே "160 வருடத் தேய்மானம்" என்று விளம்பரத்தில் பார்த்தால் நம்ப வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தேய்ந்த காசைச் சேர்ப்பதில் மொத்த வித்தையும், அது இயல்பாகப் புழங்கித் தேய்ந்ததா, வேறு வழியில் அழிந்ததா என்று பிரித்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது. மழுங்கிப்போன எல்லாமே புழங்கிய காசு இல்லை.

இயல்பான தேய்மானம் படிப்படியாக இறங்கும். முதலில் மேடான இடங்கள் போகும்: விக்டோரியாவின் கிரீடம், கூந்தல், கன்னம், மேலாடையின் வேலைப்பாடு. பிறகு எழுத்துகளின் கூர்மை மழுங்கும். அதற்கப்புறம் விளிம்புக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் நிரம்பியதுபோல் ஆகும். கடைசியில் எழுத்தின் அடிப்பகுதி விளிம்போடு கலந்துவிடும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சேர்ந்தே தேயும், ஓரமும் உருண்டு மென்மையாகும். பல காலணாக்களில் தலை வெறும் நிழலுருவமாகிவிட்ட பிறகும் மறுபக்கத்தில் மதிப்பும் வருடமும் படிக்க முடிகிறது. அதற்குத் தலை அதிகம் புடைத்திருப்பதே காரணம். லென்ஸில் பார்த்தால் நுண்ணிய கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும், ஒன்றுக்கொன்று தொடர்பே இருக்காது. பள்ளங்களில் கறுப்பேறி, மேடுகள் வெளிறி இருக்கும். அந்தக் கறுப்பு கைவியர்வையும் எண்ணெயும் தூசியும் பல வருடம் படிந்து இறுகியது. அதைப் போலியாக உண்டாக்குவது எளிதில்லை. நல்ல புழக்கக் காசை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டினால் எங்கும் உறுத்தாது. ஆற்றுக் கூழாங்கல் போல இருக்கும்.

இதற்கு மாறாக, கீறல்கள் ஒரே திசையில் இணையாக ஓடினால் உப்புத்தாளோ அரமோ பட்டிருக்கிறது. ஒரு பக்கம் வழுக்கை, மறுபக்கம் கூர்மை என்றால் அது நகையில் இருந்த காசு. உடம்பில் பட்ட பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். காசுமாலையில் கோத்தவற்றிலும், தாயத்தாகக் கட்டியவற்றிலும் இதைப் பார்க்கலாம். விளிம்பின் மேற்பகுதியில் பற்றவைத்த தடயம், கொஞ்சம் நிறம் மாறிய மேடு, நிரப்பிய ஓட்டை இவற்றைத் தேடுங்கள். மேற்பரப்பு முழுக்கச் சொரசொரப்பாக, தேன்கூடு போலப் புள்ளி விழுந்திருந்தால் அமிலமோ மண்ணோ வேலை செய்திருக்கிறது. அப்படிப்பட்டவற்றில் எழுத்து மழுங்காமல் ஒல்லியாகி இருக்கும், காசின் விட்டமும் சுருங்கியிருக்கும். நடுப்பகுதி தேயாமல் ஓரம் மட்டும் சுருண்டு தடித்திருந்தால் ஏதோ சுழலும் இயந்திரத்துக்குள் மாட்டி வெகுநேரம் அடிபட்டது. கடலில் கிடந்தவை வேறு ரகம். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் சோஹோ ஆலையில் 1808 என்று தேதியிட்டு அடித்த 10 காசு, 20 காசுச் செப்பு நாணயங்களை ஏற்றிவந்த அட்மிரல் கார்டனர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அவற்றை ஏராளமாக மேலே எடுத்தார்கள். அவை சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. சில நல்ல கூர்மையோடும், சில உப்பு அரித்தும் இருக்கும். எதுவானாலும் அந்தக் காசுகள் ஒரு நாள்கூட மதராஸில் செலவாகவில்லை. அதே 10 காசு, இங்கே வந்து சேர்ந்து, அங்காடியில் புழங்கி, முன்பக்கமா பின்பக்கமா என்று தெரியாமல் தேய்ந்து ஒரு கிராமத்துப் பெட்டியில் கிடைத்தால் எனக்கு அதுதான் பெரிது. விலைப் பட்டியல் என்னோடு ஒத்துப்போகாது, பரவாயில்லை.

சில தடயங்களில் சேர்ப்பவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. சராப்புகள், அதாவது காசு மாற்றித் தருபவர்கள், வெள்ளியைச் சோதித்துக் குத்திய சின்ன முத்திரைகள் சேதமா, புழக்கத்தின் பகுதியா? அவை புழக்கத்தின் பகுதி என்பது என் எண்ணம், ஏனென்றால் அந்தக் குத்து இல்லாமல் காசு அடுத்த கைக்குப் போயிருக்காது. பூசையில் வைத்து மஞ்சள் குங்குமம் ஏறி, வருடா வருடம் துடைத்துத் துடைத்துத் தேய்ந்த காசு? அது கடைத்தெருவில் தேய்ந்ததில்லை, ஆனால் மனிதக் கையில் தேய்ந்தது. நான் அதைத் தனியாக வைத்துக்கொள்கிறேன், ஒதுக்குவதில்லை. அமெரிக்கத் தரநிறுவனங்களின் கண்ணில் இரண்டுமே சேதம் என்று போக வாய்ப்பு அதிகம்.

தேய்மானத்தைப் பார்த்து எத்தனை வருடம் புழங்கியது என்று சொல்ல முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தனிப்பட்ட ஒரு காசுக்கு யாராலும் சொல்ல முடியாது. கூட்டமாகப் பார்த்துச் சராசரி கணக்கிட முடியும். அதைச் செய்தும் இருக்கிறார்கள். ஜெவன்ஸ் என்ற பொருளியல் அறிஞர் 1860-களில் இங்கிலாந்தின் தங்க சவரன் நாணயங்களைச் சேகரித்து எடை போட்டு, ஒரு சவரன் வருடத்துக்குச் சராசரியாக 0.043 கிரெயின் இழக்கிறது, சுமார் 18 வருடத்தில் சட்ட எடைக்குக் கீழே இறங்கிவிடுகிறது என்று கணக்குச் சொன்னார். ஆயிரக்கணக்கில் எடுத்தால் இந்த எண் உண்மையாக இருக்கும். ஒரு காசை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இதைத் திருப்பிப் போட்டு வயது கணிக்கக் கூடாது. ஒரு காலணா சந்தைக்கூடையில் ஐந்து வருடம் பட்ட பாட்டை இன்னொன்று உண்டியலில் ஐம்பது வருடத்திலும் பட்டிருக்காது. மண்ணும் வியர்வையும் மற்ற காசுகளோடு உரசுவதும்தான் காசைத் தேய்க்கின்றன, காலம் நேரடியாகத் தேய்ப்பதில்லை. வடிவமைப்புக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் எருமை பொறித்த 5 சென்ட் காசில் தேதியை மேடான இடத்தில் வைத்துவிட்டார்கள். காசு நன்றாக இருக்கும்போதே தேதி மட்டும் காணாமல் போய்விடும். ஆகவே தேதி அழிந்திருப்பதை வைத்து மட்டும் அதிகம் புழங்கியது என்று முடிவுகட்டக் கூடாது. மற்ற பகுதிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் படத்தில் என்னை நிறுத்தியது ரூபாய்களைவிட அந்தச் சின்னச் செப்புத் துண்டுகள். அவற்றில் ஒன்றில் அமர்ந்த உருவத்தின் வெளிக்கோடு தெரிவதுபோல இருக்கிறது. நீங்கள் அறந்தாங்கி என்றதும் எனக்குப் புதுக்கோட்டை அம்மன் காசு நினைவுக்கு வந்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் தனக்கென்று வைத்திருந்த குட்டிச் செப்புக்காசு அது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் விஜய. முதலில் கையால் அடித்தார்கள், 1889 முதல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இயந்திரத்தில் அடித்து வரவழைத்தார்கள். நவராத்திரியில் அரண்மனைத் தானத்தின்போது அரிசியோடு இந்தக் காசையும் கொடுப்பது வழக்கமாக இருந்தது. படத்தை மட்டும் வைத்து நான் உறுதி சொல்ல மாட்டேன். சாய்வான வெளிச்சத்தில், அதாவது இருட்டறையில் டார்ச்சை மேசைக்கு இணையாகப் பிடித்து, காசை மெல்லச் சுற்றிப் பாருங்கள். நேர்வெளிச்சத்தில் வழுக்கையாகத் தெரியும் காசு அப்போது வாய் திறக்கும். அம்மனின் வலப்பக்கக் கையும் பீடத்தின் கோடும் பிடிபட்டால், அல்லது மறுபக்கத்தில் வட்டெழுத்து வளைவுகள் போல இரண்டு மூன்று தெலுங்குச் சுழிகள் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது.

அது அம்மன் காசுதான் என்று ஆனால் இன்னொரு விஷயம் சுவாரசியமாகிறது. அறந்தாங்கி இன்றைக்குப் புதுக்கோட்டை மாவட்டம். ஆனால் அந்த மாவட்டம் உருவானது 1974-ல்தான். பாட்டி சிறுமியாக இருந்த காலத்தில் அறந்தாங்கி தஞ்சாவூர் ஜில்லா, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. பக்கத்தில் சில மைல் தள்ளிச் சமஸ்தான எல்லை. சமஸ்தானத்துக் காசு எல்லை தாண்டி வந்து, பிரிட்டிஷ் காலணாக்களோடு ஒரே சுருக்குப்பையில், ஏறக்குறைய அதே அளவுக்குத் தேய்ந்து கிடக்கிறது. சந்தையில் வந்ததா, பெண் கொடுத்து எடுத்த உறவில் வந்ததா, கோயிலுக்குப் போய்வந்த கையில் வந்ததா என்பதைக் காசு சொல்லாது. ஆனால் வந்தது என்பதைச் சொல்கிறது. அருங்காட்சியகத்தில் இருக்கும் தேயாத அம்மன் காசு இதைச் சொல்லவே முடியாது. தேய்ந்த காசைச் சேர்ப்பதில் என்ன அர்த்தம் என்று கேட்டீர்களே, என்னிடம் இருக்கும் மிக நேர்மையான பதில் இதுதான்: புதுக்காசு அதை அடித்த ஆலையைப் பற்றி மட்டும் பேசும், தேய்ந்த காசு அதைப் பயன்படுத்திய ஊரைப் பற்றியும் பேசும்.

அதனால்தான் பையைப் பிரிக்காதீர்கள் என்று வற்புறுத்துகிறேன். ஒவ்வொரு காசையும் எடை, விட்டம், தெரிகிற எழுத்து இவற்றோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். எல்லாம் ஒரே பையில் இருந்தன என்பதையும், பாட்டி பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், தாத்தா செய்த தொழில் இவற்றையும் எழுதுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இப்போதே கேளுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் பத்து வருடம் கழித்து அந்தக் காசுகள் எங்கோ கிடைத்த பத்துப் பழைய காசுகளாகிவிடும்.

புளி விஷயம். செம்பின் மேல் இருக்கும் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை. உலோகம் காற்றோடு சேர்ந்து தானே போர்த்திக்கொண்ட மெல்லிய தோல். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிட்டுப் வெறும் இளஞ்சிவப்புச் செம்பை வெளியே காட்டும். நீங்கள் பார்ப்பது பளபளப்பு, அனுபவசாலி பார்ப்பது உரித்த காசு. ஏற்கெனவே தேய்ந்து காகிதத்தளவு மேடு மட்டும் மிஞ்சியிருக்கும் காசில், ஒரு முறை புளி போட்டுத் தேய்ப்பதே கடைசி எழுத்தையும் கொண்டுபோய்விடும். விபூதி, சாம்பல், பாத்திரம் தேய்க்கும் பவுடர், பற்பசை எல்லாம் இதே கதை, கூடவே கீறலும் விழும். செய்யலாம் என்று நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, தேய்க்காமல் பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, முழுக்க உலரவிடுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சிறிது நேரம் போடலாம், அது உலோகத்தைத் தொடாது. ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும், திறந்த ஜன்னல் ஓரத்தில், அடுப்பு விளக்கு இல்லாத இடத்தில் செய்யுங்கள். கெட்டியாக, கரும்பச்சையாக இருக்கும் பழைய களிம்பைச் சீண்ட வேண்டாம். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து, துடைத்தாலும் திரும்ப வருகிற களிம்பு மட்டும் ஆபத்து. அது உப்பு உள்ளே இறங்கிச் செம்பைத் தின்பது. அப்படி ஒன்று இருந்தால் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். அதற்கு வீட்டு வைத்தியம் வேண்டாம், அருங்காட்சியகத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவர்களிடம் காட்டுவது நல்லது.

விலையைப் பற்றி ஒரு பத்தி போதும். இந்தியச் சந்தையில் தேய்மானத்துக்கென்று கூடுதல் விலை பெரும்பாலும் கிடைக்காது. இந்த அளவு தேய்ந்த சாதாரண வருடத்துக் காலணாவைக் கடைகளில் கைப்பிடிக் கணக்கில் விற்பார்கள். ரூபாய்க்கு வெள்ளி விலைதான் அடித்தளம், ஆகவே அன்றைய வெள்ளி விலையைத் தெரிந்துகொள்ளாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். ரூபாய் இரண்டையும் முதலில் எடை போடுங்கள். 11.3 கிராம் காட்டினால் இயல்பான தேய்மானம் என்று நிம்மதியாக இருக்கலாம். முகம் முழுக்க மழுங்கியும் எடை குறையவே இல்லை என்றாலோ, 10 கிராமுக்குக் கீழே இறங்கினாலோ சந்தேகப்படுங்கள். போலி செய்பவர்கள் விவரம் தவறிய இடத்தை மறைக்கத் தேய்ப்பதும் உண்டு. வருடம் 1940-லிருந்து 1945-க்குள் இருந்தால் அது பாதி வெள்ளிதான், விலையும் அதற்கேற்ப. பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்று வரும் அழைப்புகளை அப்படியே துண்டியுங்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. வெளிநாட்டுக்கு விற்கும் யோசனை வந்தால் இன்னொன்று: நூறு வருடத்தைத் தாண்டிய நாணயங்கள் 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடியவை, அப்படி வருபவற்றைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

பாட்டியின் பையோடு நிறுத்தாமல் இதைத் தொடர விருப்பம் இருந்தால் பழைய காசு வாங்கச் செலவழிக்க வேண்டியதே இல்லை. 1960-களின் நடுவிலிருந்து வந்த 1, 2, 3, 5 பைசா அலுமினியக் காசுகளைத் தேடுங்கள். மென்மையான உலோகம், சீக்கிரம் மழுங்கும், வளையும். ஆனால் நிஜமாகவே வழுக்கையான 3 பைசாவைப் பார்ப்பது கடினம், ஏனென்றால் தேய்வதற்குள் விலைவாசி அதைப் புழக்கத்திலிருந்து தள்ளிவிட்டது. 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது, ஆகவே வீடுகளில் டப்பாக்களில்தான் இருக்கும். 1988-ல் 10, 25, 50 பைசாக்களும் 1992-ல் ஒரு ரூபாயும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறின. அந்த உலோகம் லேசில் தேயாது. முப்பது வருடம் ஓடிய ஒரு ரூபாய்கூடப் பெரும்பாலும் படிக்கும்படியாகவே இருக்கிறது. சிங்கத்தலை மழுங்கிய ஸ்டீல் ரூபாய் ஒன்று கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள், நான் இன்னும் மனத்துக்கு நிறைவான ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பேருந்து நடத்துநர்களும் கோயில் உண்டியல் எண்ணுபவர்களும் இதில் நல்ல நண்பர்கள்.

காசுகளை வைக்க மெத்தென்ற பிவிசி உறை உள்ள ஆல்பம் வாங்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் அது இளகிச் செம்பில் பச்சைப் பிசின் படியவிடும். அமிலமில்லாத காகித உறையோ மைலார் என்ற பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் உள்ள அட்டையோ போதும், டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மழைக்காலத்தில் மாற்றுங்கள். சுருக்குப்பையையும் எறியாதீர்கள், ஆனால் காசுகளைத் திரும்ப அதற்குள் போடாதீர்கள், துணியில் ஈரம் தங்கும். சென்னைக்கு வரும்போது அந்தச் செப்புத் துண்டுகளை எடுத்துக்கொண்டு எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்துக்கு ஒரு முறை போய், அங்குள்ள காசுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மெட்ராஸ் காயின் சொசைட்டியில் தென்னிந்தியச் சிறு காசுகளைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் காட்டலாம். அதற்கு முன்னால் சாய்வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படமெடுத்து, எடையோடு இங்கே போட்டால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.